மோர்டனில் சூறாவளிக் காலம்

சூறாவளிக்கான ஆயத்தங்களை எல்லாருக்கும் முதல் செய்து முடித்தவன் நான்தான். சூறாவளி வரவிருந்தது கரிபியன் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு. நான் இருப்பது லண்டன் மோர்டனில். நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல அந்த நேரம் வீட்டில் ஆள் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

அந்தத் தீவில் இருப்பவள் எங்கள் மகள். ஒரே பிள்ளை. டயாலிசிஸ் நேர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தத்தில் அங்குள்ள சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே வரைபடத்தை விரித்துத் தேடினேன். தீவு பிடித்திருந்த இடத்தைவிட அதன் பெயர் பிடித்திருந்த இடம் அதிகம். பெயரில் ஒரு எழுத்துக்கூடத் தரையில் நிற்கவில்லை, எல்லாம் கடலுக்குள்.

"இது தீவில்லை, பிள்ளை. அச்சடிக்கேக்க சிந்தின மை" என்றேன்.

"நல்ல ஜோக், அப்பா. டிக்கெட் புக் பண்ணிட்டன்."

ஜூன் தொடங்கி நவம்பர் முடியும்வரை அங்கே சூறாவளிக் காலம். ஆகவே மோர்டனிலும் ஜூன் தொடங்கி நவம்பர் முடியும்வரை சூறாவளிக் காலம். ஆபிரிக்கக் கரையோரம் ஒரு மேகம் திரண்டாலே நான் கணினிக்கு முன்னால் குந்திவிடுவேன். வானிலைக்காரர்கள் ஒரு புயல் போகக்கூடிய பாதைகளையெல்லாம் நிறம் நிறமாகக் கீறி ஒரு படம் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடியப்பம் என்று பெயர். "இடியப்பம் இண்டைக்கு வடக்கால போகுது" என்று நான் அறிவித்தால், "அப்ப சொதியை ஆர் தெற்கால ஊத்தினது?" என்று கேட்டுவிட்டு மனைவி தன் வேலையைப் பார்ப்பாள். முதல் வருடம் இடியப்பம் முழுவதும் வடக்கால்தான் போனது.

இரண்டாம் வருடம் செப்டெம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே கயிறாகத் திரண்டன. கயிற்றின் நுனியில் மகளின் தீவு இருந்தது.

அந்தப் புயலுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கும் அதே பெயர். தங்கமான பிள்ளை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. கடைவாய்ப்பல் ஒன்று இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது.

என்னைச் சமாதானப்படுத்த, ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆயத்தப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினாள் மகள். 'எல்லாம் ரெடி, அப்பா. பயப்பிடாதேங்கோ' என்று ஒரு வரி. தண்ணீர், தகரத்தில் அடைத்த சாப்பாடு, டோர்ச் லைட், பற்றரி, முதலுதவிப் பெட்டி, நனையாத பையில் பத்திரங்கள், ஜன்னலுக்குப் பலகை. வாசித்தேன். மனம் ஆறவில்லை. பட்டியலோடு கடைக்குப் போனேன்.

நாலு மணிக்கு மனைவி வந்து கதவைத் திறந்தாள். கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பக்கம் தண்ணீர்ப் போத்தல்கள்.

"இதென்னப்பா, தேம்ஸ் வத்திப்போச்சோ?"

"பிள்ளை செய்யிறதை நாங்களும் ஒருக்கால் செய்து பாத்தால்தான் எங்க பிசகும் எண்டு தெரியும்."

"அப்ப ஜன்னலுக்குப் பலகை அடிக்கேல்லையோ?"

"பலகை நாளைக்கு வருது."

அவள் போத்தல் அடுக்கின்மேல் குந்திச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாக அந்தப் பார்வையைத்தான் நான் அன்பு என்று எடுத்துக்கொண்டு வருகிறேன். பலகை வந்ததும் அவளே வாசலில் நின்று லொறிக்காரனைத் திருப்பி அனுப்பினாள்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். நான் கார் ஓட்டப் பழக்குபவன். 'பதறாதையுங்கோ, மூச்சை இழுத்து விடுங்கோ, கண்ணாடியைப் பாருங்கோ' என்று மணித்தியாலக் கணக்கில் ஊருக்குச் சொல்லிச் சம்பாதிக்கிறவன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் திங்கட்கிழமை என்னோடு வந்தவர் சென்னைக்காரர், கணினி வேலை, மூன்றாவது தடவை பரீட்சைக்குப் போகவிருந்தார். நேர்த் தெரு. முன்னால் யாரும் இல்லை. என் போன் ஒருமுறை முனகியது. கார் நடுத்தெருவில் சடாரென்று நின்றது.

"சார், நீங்களா பிரேக் அடிச்சீங்க?"

"காற்று திரும்பியிருக்கு."

அவர் குனிந்து கண்ணாடிக்கு வெளியே மரங்களைப் பார்த்தார். ஒரு இலை ஆடவில்லை. "எங்க சார்?"

சொன்னேன். மனிதர் கை மாற்றிக் கை வைத்து, நான் பழக்கியபடியே, காரை ஓரங்கட்டி நிறுத்தினார். "நாங்க எத்தனை புயல் பாத்திருக்கோம் சார். பால் பாக்கெட் வாங்கி வெச்சுக்குவோம். கரண்ட் போறதுக்குள்ள பஜ்ஜி போட்டுடுவோம். ஒண்ணும் ஆகாது சார். மூச்சை இழுத்து விடுங்க." அன்று அவர் ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் என் பக்கத்துப் பெடலில்.

அன்று மாலை மகளோடு பேசினேன்.

"வெளிநாட்டு ஸ்டாஃப் விரும்பினா நாளைக்குக் காலமை போகலாமாம், அப்பா. கடைசி பிளைட். ரெண்டு பேர் போகினம்."

"அப்ப நீயும் வெளிக்கிடு!"

"நான் இருக்கிறன்."

எங்கள் தலைமுறை படித்த அனர்த்த முகாமைத்துவத்தில் ஒரே ஒரு பாடம்தான் உண்டு: ஷெல் சத்தம் கேட்டால் ஓடு, ஓடும்போது பத்திரப் பையை எடு. யாழ்ப்பாணத்திலிருந்து மோர்டன்வரை நான் வந்து சேர்ந்ததே அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்துத்தான். இருப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"பிளைட் வேண்டாம் எண்டால் பக்கத்து ஊருக்காவது போ."

"பக்கத்து ஊரும் இந்தத் தீவிலதான் இருக்கு, அப்பா. சுத்திவர கடல். எங்க ஓடுறது?" பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பதினொரு நோயாளியள் இருக்கினம். ஒண்டைவிட்டொரு நாள் ரத்தம் சுத்தப்படுத்த மெஷின் போடோணும். புயலுக்கு முதல் நாள் எல்லாருக்கும் போட்டு விட்டிடுவம். அதுக்குப் பிறகு ரெண்டு நாள், மிஞ்சினா மூண்டு நாள். திரும்பப் போட ஆள் இல்லாட்டி அவை தப்ப ஏலாது."

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி, "உள்ளுடுப்புப் போதுமோ பிள்ளை?" என்று கேட்டாள். தாய்மாருக்கு எப்போதும் நல்ல கேள்வி கையில் இருக்கும்.

புதன்கிழமை எங்கள் நேரம் பகல் பதினொரு மணிக்கு, அங்கே விடியும் நேரம், கடைசிச் செய்தி வந்தது. 'காத்து தொடங்கிட்டுது. வார்டில எல்லாரும் ஓகே. லவ் யூ.' காற்றைவிட என்னைப் பயப்படுத்தியது அந்தக் கடைசி இரண்டு சொற்கள். சாதாரணமாக 'சரி பை' என்று முடிப்பவள்.

பிறகு ஒன்றும் இல்லை. நான் எழுதி அனுப்பியவற்றின் பக்கத்தில் ஒற்றைச் சரியடையாளம் மட்டும் நின்றது. இரண்டாவது வரவே இல்லை. 'எப்பிடி?' என்று எழுதினேன். 'ஜன்னல் பக்கம் நிக்காதே' என்று எழுதினேன். 'சாப்பிட்டியா?' 'இதைக் கண்டால் ஒரு புள்ளி போடு, போதும்.' 'புள்ளி போட நேரமில்லாட்டிப் பரவாயில்லை.' இப்படி நாற்பத்தொன்று. செய்தியில் அந்தத் தீவுக்கு அரை நிமிடம் ஒதுக்கினார்கள்: தகரங்கள் பறந்தன, தென்னை ஒன்று படுத்துக் கிடந்தது, தொடர்புகள் துண்டிக்கப்பட்டுள்ளன என்றார்கள், பிறகு கால்பந்துக்குப் போனார்கள்.

என் மனைவி பதறவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம், அவளும் அதைத்தான் விரும்புவாள். வியாழன் காலை அவள் ஒரு காலில் கறுப்புச் சப்பாத்தும் மற்றக் காலில் கடும் நீலமுமாக வேலைக்குப் போனதைப் படியில் நின்று பார்த்தேன். வாழ்க்கையில் நான் கண்டும் சொல்லாமல் விட்ட ஒரே பகிடி அது.

வியாழன் பின்னேரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கியது. எழுபது பேர், டொரன்டோ முதல் சிட்னி வரை. ஆறுதல் வீடியோக்களாக வந்தது. வேறு வருடத்துப் புயல், வேறு நாட்டுப் புயல். டொரன்டோவிலிருந்து ஒருவர் மாடு பறக்கும் காட்சி ஒன்றை அனுப்பினார். அந்தத் தீவில் மாடே இல்லை என்று நான் எழுதினேன். 'ஆடு இருக்கு' என்று சிட்னியிலிருந்து பதில் வந்தது. நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

வெள்ளிக்கிழமை பாடங்களையெல்லாம் தள்ளிப் போட்டேன். காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரி, அந்தத் தீவின் பொலிஸ், ஒரு தேவாலயம், படகு வாடகைக்கு விடும் ஒருவர் என்று இலக்கம் அகப்பட்ட இடத்துக்கெல்லாம் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே ஊளை. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் விடிய ஆறு மணிக்கே வேலை, முடியும்வரை போன் லொக்கருக்குள் இருக்கும்.

பன்னிரண்டரைக்குக் கதவு தட்டுப்பட்டது. மணி இருக்க, யாரோ விரலால் மெதுவாகத் தட்டினார்கள்.

திறந்தால் மச்சான் நிற்கிறார். மனைவியின் தம்பி. ஹரோவில் இருக்கிறார், கட்டட எஞ்சினியர். ஹரோ லண்டனின் ஒரு தலை, மோர்டன் மற்றத் தலை. வேலை நாளில், மட்டமத்தியானத்தில் ஹரோக்காரர் ஒருவர் மோர்டனுக்கு வருகிறார் என்றால், எங்கள் ஆட்களுக்குள் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பிறந்தநாள் என்றால் சனிக்கிழமைக்குத் தள்ளி வைப்போம். தள்ளி வைக்க முடியாதது மற்றது.

மச்சானின் கையில் சாப்பாட்டுக் கேரியர். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரர்தான் சமைத்துக்கொண்டு வருவார்கள்.

வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு சொல் பேசாமல் கேரியரை நிலத்தில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். நானும் அவரும் இருபத்தெட்டு வருடமாகப் பழகுகிறோம். என் கலியாணத்தன்றுகூட ஒருவர் தோளை ஒருவர் தட்டியதோடு சரி. யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் இரண்டு பேர் கட்டிப்பிடிப்பது ஒரே இடத்தில்தான். அங்கே மூன்றாவதாக ஒருவர் பெட்டிக்குள் இருப்பார்.

"அக்கா எங்க, அத்தான்?"

"வேலைக்கு."

"சரி. நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ."

கெட்ட செய்தியை எங்கள் ஆட்கள் போனில் சொல்ல மாட்டார்கள். நேரில் வருவார்கள், இருக்க வைப்பார்கள், சாப்பிட வைப்பார்கள், பிறகு சொல்வார்கள். நானே இரண்டு பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். மச்சான் கேரியரைத் திறந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை. ஆட்டிறைச்சி இல்லாமல் அடுப்பே பற்றாத வீட்டிலிருந்து சுத்த மரக்கறி. கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது கௌரவமான சொல், விழுந்த இடம் படியாக அமைந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கத் தொடங்கியது. என் பிள்ளை, என் ஒரே பிள்ளை, நான் டிக்கெட்டை எடுத்துக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும் என்று நெஞ்சில் அடித்தேன்.

மச்சான் கையில் அகப்பையோடு திகைத்து நின்றார். "அத்தான், என்ன இது? ஏன் இப்ப அழுறியள்?"

"ஆர் சொன்னது உமக்கு?"

"பிள்ளைதான் சொன்னவ."

"எந்தப் பிள்ளை?"

"உங்கட பிள்ளை! நீங்கள் எத்தினை வச்சிருக்கிறியள்?"

செத்துப்போன பிள்ளை மாமனுக்கு எப்படிச் சொல்லியிருக்கும் என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அதற்கும் மனம் ஒரு வழி தேடியது. மச்சான் போனை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். தெரியாத ஒரு இலக்கம். அன்று காலை ஆறு மணி. 'மாமா நான்தான். நான் சுகம். வார்டும் ஓகே. அப்பா சாப்பிட்டிருக்க மாட்டார். பிளீஸ் போய்ச் சாப்பிட வையுங்கோ.'

நாலு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் எழுத்துத் தெரியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பன்னிரண்டு தரம் அடிச்சன், உங்கட லைன் பிசி. குறூப்பில ஏழு மணிக்கே போட்டிட்டன். டொரன்டோவில எல்லாரும் எழும்பியிருந்து கேக் வெட்டுறாங்கள், அத்தான். நீங்கள் பாக்கேல்லையோ?"

"நான் குறூப்பில இல்லை."

"ஏன்?"

"ஆடு."

அவர் அதை விசாரிக்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் எனக்குக் கேள்விகள் இருந்தன.

"பிறகேன் நீர் கட்டிப்பிடிச்சனீர்?"

"சந்தோசத்தில."

"சந்தோசத்துக்கு ஆராவது கட்டிப்பிடிக்கிறதோ? விசரோ உமக்கு? வெள்ளைச் சேர்ட்டு, மரக்கறி, கதவைத் தட்டுற தட்டு..."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, அத்தான். கோயிலுக்குப் போயிட்டு வாறன். தட்டினது, நீங்கள் நித்திரையோ எண்டு."

முதியோர் இல்லத்துக்கு அடித்து, அவசரம் என்று சொல்லி மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து "ஹலோ" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அவள் என்ன நினைப்பாள் என்று விளங்கிய கணமே போனை மச்சானிடம் எறிந்தேன். "அக்கா, பிள்ளை சுகம்" என்றார் அவர் ஒரே மூச்சில். அந்தப் பக்கம் ஒரு பாத்திர மூடி விழுந்த சத்தம் கேட்டது. அது உருண்டு உருண்டு அடங்கியது. பிறகு அவள் தம்பியிடம், "அவர் சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன். இரண்டு தட்டு. கீரைக்கு உப்புக் காணாது என்றும் சொன்னேன்.

மகளின் குரலைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நானும் மனைவியும் இரண்டு பக்கமும் குனிந்திருந்தோம். லைன் எந்த நேரமும் அறுந்துபோகும் என்று அவள் முதலிலேயே எச்சரித்தாள். பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது.

"கிடைச்ச ஒரு மெசேஜை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாய். பெத்த தகப்பன் நான் இருக்கிறன்."

"உங்களுக்கு அனுப்பினா நம்பியிருப்பீங்களா? நீ பிறந்த ஆஸ்பத்திரி எது எண்டு திருப்பிக் கேட்டிருப்பீங்கள். அது வேற ஒருத்தற்ற சட்டலைட் போன், அப்பா."

நான் கோபித்துக்கொண்டேன். சரியாக அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

பதினொரு பேருக்கும் வெள்ளி பின்னேரத்துக்குள் மெஷின் போட்டு முடித்துவிட்டார்கள். பாதை முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் கடைசி ஆளை, ஒரு கிழட்டு மீனவரை, டிராக்டரில் ஏற்றி வந்தார்களாம். "பதினொரு பேருமோ?" என்று மனைவி கேட்டாள். "பதினொரு பேரும், அம்மா" என்றாள் மகள். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. களைத்த, பெரிய மனுஷிக் குரல். அவள் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லையாம். ஆஸ்பத்திரிக் களஞ்சிய அறையில் படுக்கிறாளாம்.

என் சேர்ட் பொக்கற்றில் ஒரு தாள் இருந்தது. திரும்பி வா என்று சொல்வதற்கு மூன்று காரணங்கள், வரிசையாக எழுதி, இரண்டு தரம் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பார்த்திருந்தேன். தாளை எடுத்து விரித்தேன்.

"அப்பா, போன ரெண்டு பேரும் இனித் திரும்பி வரமாட்டினமாம். நான் இன்னும் ஒரு வருஷத்துக்கு சைன் பண்ணிட்டன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். முதலாவது காரணம்: 'அம்மாவால் தாங்க முடியாது.' அம்மா என் முழங்காலில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். தாளை மடித்தேன்.

"சரி" என்றேன்.

"சரியோ?" மகளின் குரலில் சந்தேகம். "ஆர் கதைக்கிறது? அப்பாதானே?"

"அப்பாதான். கூரை எப்ப போடுவினம்?"

"தெரியாது."

"அந்தக் களஞ்சிய அறையில எலி இருக்கோ?"

"இருந்தது. காத்தோட போயிட்டுது."

"டிராக்டர் ஓட்டினது ஆர்? லைசென்ஸ் உள்ள ஆளோ?"

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல், பக்கத்தில் இருந்த யாருக்கோ நான் கேட்டதைச் சொல்லி அவர்களும் சிரிக்க, திரும்பவும் சிரித்தாள். மனைவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லைன் ஒருமுறை கரகரத்தது. நான் அவசர அவசரமாக அடுத்த விசர்க் கேள்வியைத் தேடினேன்.